விஜி அக்காவின் ஓவன்

ஸ்காபரோவில் விஜி அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அக்கா குளிக்கும்போது கதவு தட்டப்படுகிறது. பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மாள் பெரிய தட்டோடு நிற்கிறார். அவர் வீட்டு ஓவன் பழுதாம். தட்டில் சோளமாவும் தேங்காய்ப்பாலும் தார் போலக் கறுத்த கரும்புப்பாகும் கலந்த புட்டிங் மாவு. மூன்று மணி நேரம் வேக வேண்டுமாம். அதற்கென்ன என்று நானே ஓவனைப் போட்டுவிடுகிறேன். அது சூடேறும்வரை அவர் மாவைக் கிண்டுகிறார், ஜாதிக்காய் மணக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. அக்கா ஈரத்தலையோடு ஓடி வருகிறார்.

"ஐயோ, ஆர் உதைப் போட்டது? எங்கட கேஸ் பேப்பர் எல்லாம் உள்ளுக்க கிடக்கு!"

அடுத்த வாரம் அக்காவுக்கு அகதி விசாரணை. நான் ஓவனிடம் ஓடுகிறேன். எந்தக் குமிழைத் திருகினேன் என்றே நினைவில்லை. ஜமேக்கா அம்மாள்தான் அணைக்கிறார். அக்கா துண்டால் பிடித்து, உள்ளே அடுக்கி வைத்திருந்த சட்டிகளை வெளியே இழுத்துப் போடுகிறார். கடைசியில் ஒரு ஃபைல், உறை உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரித்துப் பார்க்கிறார். தாள்களின் ஓரம் பழுப்பேறியிருக்கிறது, எழுத்து தப்பிவிட்டது.

மறுபடி போட்ட ஓவனில் புட்டிங் வேகிறது. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஓவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓவனுக்குள்ளயா வெப்பீங்க, அக்கா?"

"ஊரில வீட்டோட எல்லாம் எரிஞ்சு போச்சு. உது இரும்புப் பெட்டிதானே, வீடு நெருப்புப் பிடிச்சாலும் எரியாது எண்டு வைச்சனான்."