வுப்போவின் இடது கால்

வுப்போவுக்கு ஒன்றும் புரியாது என்று எங்கள் ஊரான வின்ஸ்கோட்டனின் படித்தவர்கள் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். டாக்டருக்கு அதில் சந்தேகமே இல்லை. வுப்போ குடியிருந்த இல்லத்தின் மேலாளருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. மற்றவர்களை வாய்க்கு வந்தபடி ஏசப்போகிறவள் தன் பங்கை மறைக்கக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஃபென்னா. குடும்ப டாக்டரின் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை வரச்சொல்லி எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, பாதம் எல்லாம் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு கட்டம் உண்டு. கட்டங்கள் நிரம்பிவிட்டால் திரை பச்சையாகும். திரை பச்சையானால் நோயாளி நலம். எங்கள் மருத்துவம் அவ்வளவுதான்.

வுப்போ டைக்மாவுக்கு வயது ஐம்பத்துநான்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. எழுதப் படிக்க வராது. பகலில் பட்டறையில் திருகாணிகளைப் பையில் போடும் வேலை. அம்மா இறந்ததிலிருந்து, பத்தொன்பது வருடமாக, அவரைப் போன்றவர்களுக்காகக் கால்வாய்க் கரையில் இருந்த இல்லத்தில் ஒரு மாடி அறை. ஜன்னலுக்கு நேர் கீழே தூக்குப்பாலம். பாலம் உயரும்போதெல்லாம் கடந்து போகும் படகு என்ன நிறமோ, அந்த நிறப் பென்சிலால் நோட்டில் ஒரு கோடு இழுப்பார். அப்படிப் பதினாறு நோட்டுகள். எதையாவது பிரித்து ஒரு கோட்டைத் தொட்டால், "அது மணல் படகு. அன்னிக்கு மழை. ஓட்டுறவன் எனக்குக் கை காட்டினான்" என்பார். ஒன்றும் புரியாதவர் அவர்தான்.

கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பணியாளர் அவரை அழைத்து வருவார். டாக்டர் அந்தப் பணியாளரைத்தான் பார்த்துப் பேசுவார்.

"சாப்பாடெல்லாம் எப்படி? கட்டுப்பாடா இருக்கானா?"

"நான் போன வாரந்தான் வேலைக்குச் சேர்ந்தேன் டாக்டர். ஃபைலப் பாத்துச் சொல்றேன்."

நடுவில் உட்கார்ந்திருக்கும் வுப்போ, "நான் இங்கதான் இருக்கேன்" என்பார். டாக்டர் சிரித்து அவர் தோளைத் தட்டிக்கொடுப்பார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். ஒருமுறை உணவுக் கட்டுப்பாடு பற்றிப் பதினான்கு பக்கக் கையேட்டை வுப்போவின் கையில் கொடுத்தோம். அவர் நன்றி சொல்லி வாங்கிப்போய், காலியாக இருந்த பின்பக்கங்களில் படகு வரைந்தார். அந்தக் கையேட்டால் யாருக்காவது உபயோகம் இருந்தது என்றால் அது அதுதான்.

சென்ற வருடம் மார்ச் மாதம் அவர் காலுறையைக் கழற்ற மறுத்தார்.

"சாக்ஸக் கழட்டுங்க, வுப்போ."

"வேண்டாம்."

"எப்பவும் கழட்டுவீங்களே."

"இப்ப வேண்டாம்."

அவரவர் வாழ்க்கை, அவரவர் முடிவு. எங்கள் நாட்டில் இதைச் சொல்லாமல் ஒரு கூட்டம் முடியாது. வுப்போ எத்தனை மணிக்குப் படுப்பது, ரொட்டியில் என்ன தடவுவது, யார் அவர் அறைக் கதவைத் தட்டாமல் திறப்பது, இதில் எதையும் யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆனால் அவர் சொல்கிற மறுப்பு நமக்கு ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துமானால் அது புனிதமாகிவிடும். 'பாதப் பரிசோதனை: நோயாளி மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதை மிக மரியாதையாகச் சொடுக்கினேன். திரை பச்சையானது.

இல்லத்திலும் குளிக்க மறுத்தார். பட்டறைக்கு நடக்க மறுத்தார். ஷூ மாட்ட வந்த பெண் மேல் அந்த ஷூவையே வீசினார். உடனே ஒரு கூட்டம். மார்லூஸ் என்றொரு நடத்தை நிபுணரை வரவழைத்திருந்தார்கள். வெறுங்கால் படம் போட்ட ஓர் அட்டையை அவள் மேசையில் வைத்தாள்.

"சாக்ஸக் கழட்டுற ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்டார் ஒட்டுவோம். அஞ்சு ஸ்டார் சேந்தா பரிசா ஒரு துண்டு ஆப்பிள் கேக்" என்றாள்.

சர்க்கரை நோயாளிக்குக் கேக். அந்த அறையில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம், மூன்று பேர் மருத்துவம் படித்தவர்கள். எல்லாரும் தலையாட்டினோம். டாக்டர் தன் பங்குக்கு, "இது நடத்தைக் கோளாறுதான், அமைதி மாத்திரையக் கொஞ்சம் கூட்டுவோம்" என்றார். வுப்போவைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. குழம்பிவிடுவாராம்.

ஒரு நட்சத்திரம்கூட ஒட்டப்படவில்லை. ஜூனில் அவர் மறுபடி என் அறைக்கு வந்தபோது நாற்றம் அடித்தது. கூட வந்த பணியாளர் போன் வந்து வெளியே போனார். பல வருடங்களில் முதல்முறையாக நானும் வுப்போவும் தனியாக இருந்தோம். திரையைத் திருப்பி வைத்துவிட்டு, "சாக்ஸக் கழட்டினா என்ன ஆகும் வுப்போ?" என்று கேட்டேன்.

அவர் காலுறையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரோல்ஃப்" என்றார்.

ரோல்ஃப் அவருடைய பக்கத்து அறைக்காரர். அவரும் என் சர்க்கரை நோயாளிதான்.

"ரோல்ஃப் காலக் காட்டினான். நீதான் பாத்த. ஆஸ்பத்திரிக்கு அனுப்பின. வெள்ளிக்கிழமை அவன் கட்டில வெளிய எடுத்தாங்க. திங்கக்கிழமை புது ஆளு வந்துட்டான். அவன் வந்ததுக்குக் கேக் குடுத்தாங்க. நானும் தின்னேன். காலக் காட்டினா ரூம் போயிடும்" என்றார்.

கழற்றினால் என்ன ஆகும் என்று அவரையே கேட்க எங்கள் ஏழு பேருக்கும் மூன்று மாதமாகத் தோன்றவில்லை. அவரோ ஒரே ஒரு மனிதனுக்கு நடந்ததைப் பார்த்து, யோசித்து, முடிவுக்கு வந்து, அதன்படி நடந்து, வலியையும் தாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க ரூம யாரும் எடுக்க மாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

எந்த அதிகாரமும் இல்லாமல்தான் சொன்னேன். ஊசி வலிக்காது என்று குழந்தைகளிடம் சொல்லிப் பழகிய வாய். அவர் குனிந்து தானே காலுறையை உருவினார். கட்டைவிரல் கறுத்திருந்தது. பாதத்தின் அடியில் இருந்த குழியில் எலும்பு தெரிந்தது.

ஜூலையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். நான் இல்ல மேலாளர் எல்ட்யோவுக்குப் போன் செய்தேன்.

"அவரோட ரூம் என்ன ஆச்சு?"

"மாடி ரூம், ஃபென்னா. லிஃப்ட் கிடையாது. வீல்சேர நான் தோள்ல சுமந்துட்டுப் போகவா? வெயிட்டிங் லிஸ்ட்ல பதினோரு பேர் இருக்காங்க."

"கீழ யாரோடயாவது மாத்திக் குடுக்கலாமே."

"கீழ இருக்கறவங்க விருப்பத்தையும் மதிக்கணும் இல்லையா?"

"நான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"உன்ன யாரு பண்ணச் சொன்னா?"

அந்த வருடம் முழுவதும் என் காதில் விழுந்த ஒரே நேர்மையான கேள்வி அது. அடுத்த வாரம் மார்லூஸின் அறிக்கை வந்தது. திட்டத்துக்குப் பிறகு இடது காலுறை தொடர்பான எதிர்ப்பு முற்றிலும் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாள். காலே இல்லாதபோது எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வுப்போ இப்போது வேன்டாம் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவர் என் பொறுப்பில் இல்லை. ஆனாலும் அக்டோபரில் அங்கிருந்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். "வலது காலத் தொட விடமாட்டேங்கறான். ஒங்ககிட்ட மட்டும் ஒருதரம் காட்டினானாமே. வந்து கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

போனேன். தரைத்தள அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். மடியில் ஒரு புது நோட்டு, அதில் நாலைந்து கோடுகள், பெரும்பாலும் சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து வலது காலைச் சுற்றிச் செருகிக்கொண்டார்.

"இந்தக் காலயாவது காப்பாத்தணும் வுப்போ. ஒரே ஒரு தரம் காட்டுங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. எங்கள் எல்லாரிடமும் இருந்த பொறுமையைவிட அதிகப் பொறுமையோடு, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இங்கயும் ஒரு ரூம் இருக்கு."