மேனேஜருக்கு ஒரு டார்ச்

டார்ச் விளக்கைக் கையில் வாங்கியதும் அக்கா அதை எரியவிடுவதில்லை. முதலில் கடையின் கண்ணாடி மேசைமேல் அதைப் படுக்கவைத்து, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். உருண்டு ஓடினால் அது கடைக்காரம்மாவிடமே திரும்பிப் போகும். உருளாமல் நின்றால் அடுத்த சோதனை. நாயின் வாரைப் பிடிப்பதுபோல வலக்கையில் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கைக் கட்டைவிரலால் மட்டும் பொத்தானை அமுக்குவார். ஒரு அமுக்கில் எரிந்து, மறு அமுக்கில் அணைய வேண்டும். இரண்டாம் அமுக்கில் மங்கி, மூன்றாம் அமுக்கில் கண்சிமிட்டி, நான்காவதில் ஆபத்துச் சைகை காட்டும் வகைகளை மேசையின் மறுகோடிக்கே தள்ளிவிடுவார். "நாயைக் கூட்டிட்டு வாக்கிங் போறேம்மா, கப்பல் ஒண்ணும் முழுகல" என்று அவர் கடைக்காரம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அக்கா என் பெரியம்மாவின் மூத்த மகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை லேசாக வைத்தபடி ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த அத்தனை பேரும் அவரிடம் கற்றவர்களே; பாதியில் நின்றவன் நான் ஒருவன். மாணவர் எத்தனை முறை தவறினாலும் அவர் குரல் உயராது. "பானெட்டைப் பாக்காத, தூரத்தைப் பாரு" என்பதே அவருடைய முதல் பாடம், நடுப் பாடம், கடைசிப் பாடம். காரைவிட்டு இறங்கிய பிறகும் பேச்சு இறங்குவதில்லை. அள்ளி விழுங்கிச் சாப்பிடுபவரிடம், "ரெண்டாவது கியர் போதும்" என்பார். போனில் வளவளக்கும் உறவினரிடம், "இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புங்க, எங்க போறீங்கன்னே தெரியல" என்பார்.

அத்தான் வீட்டிலேயே ஓர் அறையில் அமர்ந்து பல் செட் செய்பவர். வாய்க்குள் இருக்க வேண்டியவற்றோடு நாள் முழுதும் பழகுவதாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறப்பதில்லை.

மேனேஜர் என்பது நாயின் பெயர். செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மறுகாது மடிந்தும் இருக்கும். குட்டியாகப் பயிற்சிக் காரின் அடியில் கிடந்தது. வெளியே இழுத்துவிட்டதும் ஓடிப்போகாமல் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எல்லா வகுப்புகளையும் அங்கிருந்தே மேற்பார்வை செய்துவருகிறது. மாணவர் கிளட்சைப் பதமாக விட்டால் படுத்துத் தூங்கும்; வண்டி குலுங்கினால் எழுந்து உட்கார்ந்து அவருடைய பிடரியை உற்றுப் பார்க்கும். பெயர் வந்த வழி இதுதான். அக்கா அதை எப்போதும் 'அவர்' என்றுதான் சொல்வார். "மேனேஜர் இன்னும் ஒண்ணுக்குப் போகல, அஞ்சு நிமிஷம் லேட்டாகும்" என்று அக்கா போனில் சொன்னதைக் கேட்டு, புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தாராம். இது அத்தான் சொன்னது. அந்த மாணவரை நான் பார்த்ததில்லை.

பதினோராவது வயதில் மேனேஜருக்கு இரவுப் பார்வை போயிற்று. பகலில் பறக்கும் ஈயைப் பிடிப்பவர், பொழுது சாய்ந்ததும் நாற்காலிக் காலில் மோதிக்கொண்டார். பகல் பார்வை இன்னும் சில ஆண்டுகள் நிற்கும் என்றும், இரவில் நடப்பதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். அக்காவின் வீடு இரண்டாவது மாடியில். மாடிப்படி முழுவதற்கும் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பல்பு. அக்கா வேலை முடித்து வந்து மேனேஜரை வெளியே அழைத்துப்போகும் நேரத்தில் எப்போதும் இருட்டிவிடும். மேனேஜர் வாசலைத் தாண்டி மேல்படியில் வந்து உட்காருவார், அதற்குமேல் அசையமாட்டார். தூக்கிக்கொண்டு இறங்கிய அத்தானுக்கு இரண்டாம் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள், அடக்க முடியாமல் மேனேஜர் மேல்படியிலேயே விட்ட சிறுநீர், ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரின் மிதியடியில் போய் நின்றது.

அதற்காகத்தான் டார்ச் தேடல். அக்கா முதலில் வாங்கியது முழங்கை நீளமுள்ள ஒன்று. உருளவில்லை, கண்சிமிட்டவில்லை, ஒரே அமுக்கில் எரிந்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, தூரத்துக்குப் பாய்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் நின்று அதை அடித்துப் பார்த்தார். நான்காவது கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி பளீரென்று எழுந்து நின்றது. தொட்டியின் விளிம்பில் ஒரு புறா கழுத்தைச் சிறகுக்குள் செருகித் தூங்குவதுகூடத் தெரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னைத் தோளில் அடித்துக் கூப்பிட்டார், அத்தானை உள்ளேயிருந்து இழுத்துவந்தார், புறாவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, போலீஸ் வந்திருக்கிறதா என்று ஒரு குரல் கேட்டது.

"இது டார்ச்சா, இல்ல கலங்கரை விளக்கமா?" என்றார் அத்தான்.

அன்று இரவு அந்த வெளிச்சத்தைப் பின்னாலிருந்து படிகளில் பாய்ச்சியபடி அக்கா மேனேஜரை அழைத்தார். கீழ்ச் சுவரில் இருந்த விரிசல்கள்கூடத் தெரிந்தன. மேனேஜர் மேல்படிக்கு வந்து, எட்டிப் பார்த்து, முன்னைவிட இரண்டு அடி பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மிதியடி மறுபடி நனைந்தது.

வீட்டுக்காரர் மறுநாள் காலையில் மேலே வந்தார். நல்ல மனிதர், கதவுக்கு வெளியே நின்றே பேசினார். "எனக்கும் அவரைப் பிடிக்கும்மா. ஆனா என் மிதியடிக்கு அவரைப் பிடிக்கணுமே" என்றார். அத்தானின் தம்பிக்கு ஊர் எல்லையில் தச்சுப் பட்டறை இருந்தது: சுற்றுச்சுவர், சமதரை, விடிய விடிய எரியும் விளக்கு. நாயை அங்கே அனுப்பிவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். அக்கா சனிக்கிழமை வரை தவணை கேட்டார். "அன்னைக்கு டெஸ்ட் வெச்சுக்கலாம் சார். நீங்களே நின்னு பாருங்க. அவர் தன் கால்ல இறங்கி ரோடு வரைக்கும் போகலன்னா, நானே வேன்ல ஏத்தி அனுப்பிடறேன்."

சொன்ன சொல்லை அக்கா மாற்றியதாக எங்கள் குடும்பத்தில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. பயந்தவன் நான். அத்தானின் தம்பிக்குப் போன் செய்து வேனுக்குச் சொல்லிவைத்தவரும் அக்காவேதான்.

வியாழன் மாலை அவர் மேனேஜரையும் கடைக்கே கூட்டிவந்தார். அத்தானும் நானும் உடன் போனோம். இடுப்பு வலியோடு வந்த அத்தான் ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தார். நாய்க்கு டார்ச் வாங்க நாயையே அழைத்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கடைக்காரம்மா சிரித்தார்.

"வாங்கறது நான்தான்மா. அவர் பாக்க மட்டும் வந்திருக்காரு" என்றார் அக்கா. அதே மூச்சில், கடையின் கீழறைக்கு இறங்கும் படிகளைக் காட்டி, அங்கே விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டார். கடைக்காரம்மாவுக்கும் ஆர்வம் பிறந்துவிட்டது. ஆணி வாங்க வந்தவர், பூட்டு வாங்க வந்தவர் எல்லோரும் படியருகே கூடினார்கள்.

ஒவ்வொரு டார்ச்சாக அடித்தோம். மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் முதல் படிவரை வந்து திரும்பினார். வெளிச்சம் கூடக்கூட அவர் தயக்கமும் கூடியது. மேசைமேல் இருந்தவை எல்லாம் தீர்ந்தன. கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கினார்கள். அக்கா மேனேஜரின் பிடரியையே சிறிது நேரம் பார்த்தார்; மேனேஜர் மாணவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"ஸ்டூடண்ட் திரும்பத் திரும்ப ஒரே தப்பைப் பண்ணினா, அவன் சீட்ல போய் உக்காந்து பாக்கணும்" என்றார்.

அடுத்த கணம் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையில், மேல்படியில் நான்கு கால்களில் மண்டியிட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய டார்ச்சை என்னிடம் கொடுத்து, தனக்குப் பின்னால் நின்று, நாயோடு நடக்கும்போது பிடிப்பதுபோல உயரத்திலிருந்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். அக்கா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின.

"டேய், எனக்கு முன்னாடி கிணறு வெட்டியிருக்கேடா."

நான் குனிந்து பார்த்தேன். கீழ்ச் சுவர் பகலைப்போல் பளபளத்தது. ஆனால் அக்காவின் மூக்குக்கு நேர் கீழே, அடுத்த படி இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய நிழலே விழுந்து ஒரு கரும்பள்ளமாகக் கிடந்தது. சுற்றிலும் வெளிச்சம் எவ்வளவு கூடுகிறதோ, பள்ளத்தின் கருமையும் அவ்வளவு கூடியது. கால் வைக்க எந்த உயிரும் துணியாது.

"தூரத்தைப் பாரு, தூரத்தைப் பாருன்னு நானே அவரைக் கிணத்துல இறங்கச் சொல்லியிருக்கேன், பாவி" என்றார் அக்கா. "அவருக்கு வேண்டியது அடுத்த படிடா. அது ஒண்ணுதான்."

அதன்பின் அந்தக் கீழறைப் படியில் நடந்ததை வேடிக்கை என்பதா, விழா என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மண்டியிட்ட நிலையிலேயே கட்டளையிட்டார்: கீழே பிடி, இன்னும் கீழே, பக்கவாட்டில் வா, முன்னால் போ. ஆணி வாங்க வந்தவர் ஒரு டார்ச், பூட்டு வாங்க வந்தவர் ஒரு டார்ச் என்று ஆளுக்கொன்றைப் பிடித்து அடித்தார்கள். கடைக்காரம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து, கார்ச் சக்கரம் மாற்றும்போது தரையில் வைக்கும் குட்டையான விளக்கு ஒன்றைத் துடைத்து எடுத்துவந்தார். முகத்தில் பால் கண்ணாடி பொருத்தியது. ஓர் அறையைத் தாண்டி வெளிச்சம் போகாது. அதை முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் சற்று முன்னால் பிடித்தபோது, படிகளின்மேல் வெளிச்சம் விரிப்பு விரித்ததுபோல் படர்ந்தது. ஒவ்வொரு படியின் ஓரமும் தனியாகத் தெரிந்தது. பள்ளம் காணாமல் போயிற்று.

"நில்லு. அதான்" என்றார் அக்கா.

எழுந்து, முட்டிப் புழுதியைத் தட்டாமல், விளக்கை முழங்காலருகே தாழ்த்தி, மேனேஜருக்கு முன்னால் பின்னோக்கிப் படியிறங்கினார். மேனேஜர் முன்காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இரண்டாம் படி, மூன்றாம் படி, பிறகு மீதி எல்லாம் ஒரே ஓட்டம். பூட்டு வாங்க வந்தவர் முதலில் கைதட்டினார்.

பெயின்ட் டப்பாவிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "பல்லு கட்டறப்பவும் இப்படித்தான். லைட்டு பக்கத்துலேருந்து வரணும், இல்லன்னா என் கை நிழலே மறைச்சிடும். நீ கேக்கவே இல்ல."

"நீங்க ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள நான் வெளியூருக்கே போயிட்டு வந்திருப்பேங்க" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் கீழறையில் இருந்த சாக்குகளை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் கடைப் படி வேறு, வீட்டுப் படி வேறு. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மேனேஜர் இரண்டு முறை இறங்கினார், ஒரு முறை மறுத்தார். நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்வுக்கு அனுப்பிவைத்த அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை என்று அத்தான் சொன்னார். அனுப்ப நேர்ந்தால் உடன் கொடுக்க, மேனேஜரின் கிண்ணத்தையும் போர்வையையும் ஒரு பையில் எடுத்துவைத்திருந்தார் என்பதையும் அத்தானே சொன்னார்.

சனிக்கிழமை இருட்டியதும் வீட்டுக்காரர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிதியடியை முன்னதாகவே உள்ளே எடுத்துவைத்துவிட்டார். அத்தானும் நானும் மேல்படியில் நின்றோம். அக்கா ஒரு கையில் வாரும், மறுகையில் தாழ்த்திய விளக்குமாக, குனிந்து, பின்னோக்கி இறங்கத் தொடங்கினார். மேனேஜர் முதல் படியில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு இறங்கினார். முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். வீட்டுக்காரர் தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓசைப்படாமல் இறங்கினோம்.

தெருவாசலைத் தாண்ட ஒரே ஒரு படி பாக்கி இருந்தபோது, அத்தானின் தம்பியின் வேன் வந்து எதிரே நின்றது. அதன் முன்விளக்குகள் இரண்டும் முழு வீச்சில் வாசலுக்குள் பாய்ந்தன. மேனேஜர் கண்ணைச் சுருக்கினார். தூக்கிய முன்கால் அந்தரத்தில் நின்றது. பின்கால்கள் மடங்கத் தொடங்கின. வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

வேனுக்கு முதுகைக் காட்டி நின்ற அக்கா திரும்பவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மேனேஜரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வாரைப் பிடித்த கையைத் தோளுக்குமேல் உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து, எதிரே வரும் வண்டிக்காரரிடம் விளக்கைத் தாழ்த்தச் சொல்வதுபோலக் காற்றை இரண்டு முறை மெல்ல அமுக்கினார்.

அக்காவிடம் ஓட்டக் கற்றவர்தான் அத்தானின் தம்பியும். முன்விளக்குகள் அணைந்தன. அக்காவின் முழங்காலருகே படர்ந்திருந்த சின்ன வெளிச்சத்துக்குள், தெருவின்மேல், அந்தக் கால் இறங்கியது.

மேனேஜருக்கு இப்போது வயது பதின்மூன்று.