கேபரே பாடகியும் லிப்ட்டுக்கார அப்பாவும்

நான் கேபரே பாடகியாக இருந்தவள். இதைச் சொன்னால் எங்கள் சர்ச்சில் இன்றும் சிலர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். சிலர் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருவார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரியது.

கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் தெருவில் வேலைக்குப் போகிற வயதில் இருந்தவர்கள் எல்லோரும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வர ஆரம்பித்தார்கள். நான் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு எதிரே வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்று இருந்தது. தன் அப்பா காலத்தில் அங்கே கேபரே நடந்தது, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்து போனார்கள் என்று கேட்டு வளர்ந்தவர் அதன் முதலாளி. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாசலில் 'கேபரே ஈவினிங்' என்று போர்டு மாட்டி, பழைய இங்கிலீஷ் பாட்டுகள் பாடத் தெரிந்த பெண் தேவை என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்.

எனக்குத் தெரியும். சர்ச் பாடகர் குழுவில் குரல் பழகியிருந்தது. சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய அம்மா நாள் முழுக்க ரெக்கார்டு போடுவார். சுவர் மெல்லியது. அர்த்தம் தெரியாமலே அத்தனை காதல் பாட்டுகளும் எனக்கு மனப்பாடம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"கேபரேன்னா இன்னா?" என்றார் அம்மா.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமல், "மைன்ஸ் ஆபீசருங்க கிளப்புல நடக்கும். பொம்பளைங்க பாடுவாங்க, ஆடுவாங்க. நான் பாத்திருக்கேன்" என்றார்.

"பாத்திருக்கீங்களா?" என்றார் அம்மா.

அப்பா ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். "பாத்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார்.

அந்தத் தடுமாற்றத்தில்தான் எனக்கு அனுமதி கிடைத்தது என்று நினைக்கிறேன். மறுத்தால் பழைய கதை வெளியே வரும் என்று பயந்திருப்பார். ஆனால் நிபந்தனை போட்டார். கவுன் கழுத்து வரைக்கும் இருக்க வேண்டும். கடைசி ரயிலைப் பிடிக்கும்படி கிளம்பிவிட வேண்டும். அவரும் கூட வருவார்.

கவுன் தைக்க எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டெய்லரிடம் போனேன். அவர் கல்யாணப் பெண்களுக்குக் கவுன் தைப்பதில் பேர் போனவர். பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் காட்டி, இப்படி வேண்டும், சிவப்பு சாட்டினில் வேண்டும் என்றேன். படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"முதுகுத் துணி எங்கம்மா?"

"அது அப்படித்தாண்ணே."

"துணி பத்தலைன்னா இன்னும் ரெண்டு மீட்டர் வாங்கிக் குடுத்துடு. நான் அரைகுறையா தெச்சுக் குடுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

முழுக்கை, உயர்ந்த கழுத்து, பின்னால் தரையைப் பெருக்குகிற நீள வால் எல்லாம் வைத்து, சிவப்பு நிறத்தில் ஒரு கல்யாண கவுனைத் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். முன் மேசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்து வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டது.

சாப்பாட்டுக்கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. அப்பா சமையலறைக் கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். காலில் சுரங்கத்து பூட்ஸ், மடியில் டிபன் டப்பா. யாராவது கையில் கிளாசோடு மேடைப் பக்கம் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அவ்வளவுதான். அவர் எழுந்து நின்றாலே போதும், வந்தவர் பாத்ரூம் தேடி வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். ரயிலுக்காக நான் சீக்கிரமே முடித்துவிடுவதால், பெங்களூரில் டிபன் நேரத்தில் நடந்த ஒரே கேபரே எங்களுடையதாகத்தான் இருக்கும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மசால் தோசை சாப்பிடுகிறவர்கள்.

எனக்குப் பின்னணி வாசித்த குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பூதிகோட்டைக்காரர். கன்னடக் குடும்பம், தக்காளி விவசாயம். தமிழும் பேசுவார். ஊர்த் திருவிழாவில் மேளம் அடித்துப் பழகி டிரம்ஸுக்கு வந்தவர். அதனால் மெதுவான காதல் பாட்டில்கூட எங்கோ சாமி ஊர்வலம் போகிற மாதிரி ஒரு அடி விழும். எனக்கு அது பிடித்திருந்தது. அவரும் எங்கள் ரயிலில்தான் வருவார், பங்காருபேட்டையில் இறங்கி ஊருக்குப் போவார்.

ரயிலில் அவர் ஜன்னலோரம், நான் இந்த ஓரம், நடுவில் அப்பா. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாம் அப்பாவிடம்தான். போர்வெல் எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது, தக்காளிச் செடியில் பூச்சி விழுந்தது, என்ன மருந்து அடிப்பது. அப்பாவுக்கு விவசாயம் தெரியாது. பூமிக்கடியில் என்ன பாறை இருக்கும் என்று மட்டும் தெரியும். அதைச் சொல்வார். மாதக்கணக்கில் இப்படியே போனது. இந்த மனிதர் யாரைப் பார்க்க ரயிலேறுகிறார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதலில் அப்பாவை "சார்" என்றவர், ஒரு நாள் "மாமா" என்றார். அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எனக்கு ஒரே ஒரு நாளாவது தனியாகப் போய்வர வேண்டும் என்று இருந்தது. அம்மாவிடம் முறையிட்டேன்.

"எனக்கு இன்னா வயசாவுது? இன்னுமா நைனா காவலுக்கு வரணும்?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "உனக்குக் காவலுக்கா போறாரு? வூட்ல என் மூஞ்சியப் பாத்துக்கினு உக்கார முடியாம போறாரு. மைன்ஸ் மூடினதுலேர்ந்து இப்பதான் ஒழுங்கா ஷேவ் பண்றாரு. நீ வராதேன்னு சொன்னா அந்த பூட்ஸை எங்க போட்டுக்கினு போவாரு?"

அப்பா வெளியே கிளம்பும்போது தெருவில் யாராவது எங்கே என்று கேட்டால், "செகண்ட் ஷிப்ட்டு" என்பார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

வழி ஹோட்டலிலேயே திறந்தது. அங்கே கம்பிக் கதவு வைத்த பழைய லிப்ட் ஒன்று உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஓசூருக்குப் போய்விட்டார். சுரங்கத்தில் அப்பாவின் வேலை, செங்குத்துக் குழியான ஷாப்ட்டின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, கம்பிக் கதவைச் சாத்தி, மணி அடித்து உள்ளே இறக்குவது. முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மறுநாளே அப்பாவுக்குக் காக்கிச் சட்டை வந்துவிட்டது.

லிப்ட்டை அப்பா கேஜாகவே நடத்தினார். உள்ளே வருகிறவர்களை நெருக்கி நிறுத்துவார், கையை உள்ளே வைக்கச் சொல்வார், கதவைச் சாத்தியதும் தன் டிபன் டப்பா மூடியில் சாவியால் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்று தட்டு என்றால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அது யாருக்குக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். "யாருக்காவது கேக்கட்டும்" என்றார். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் சிகரெட்டோடு ஏறப் பார்த்தார். "கேஸ் இருக்கும், வெடிச்சிடும்" என்று அப்பா சொன்ன தோரணையில், அவர் சிகரெட்டை அணைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

அப்பா மேலும் கீழும் போய்வர ஆரம்பித்ததும் மூன்றாவது மாடி எங்களுக்குக் கிடைத்தது. லிப்ட் கீழே இறங்குகிற சத்தம் கேட்டால் டிரம்ஸ்காரர் தண்ணீர் குடிக்க மேடையை விட்டு வருவார், எனக்கும் தாகம் எடுக்கும். திரும்ப ஏறுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேருக்கும் தாகம் தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு தடவை அவர் சொன்னார்: "ரயில்ல உங்க நைனாகிட்ட பேசினதெல்லாம் உங்ககிட்ட பேசினதுதான்."

"தக்காளியில பூச்சி விழுந்ததுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லங்க, அது நெசமாவே விழுந்துச்சு."

அந்த இடத்தில்தான் நான் முடிவு செய்தேன். பொய் சொல்ல வராத ஆளோடு காலம் தள்ளிவிடலாம்.

விஷயம் எப்படியோ பூதிகோட்டைக்கு எட்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஹோட்டலுக்கே வந்து, பாட்டு நடக்கிற இடம் எது என்று விசாரித்து, லிப்ட்டில் ஏறினார். அப்பா கதவைச் சாத்தி மூன்று தட்டுத் தட்டினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது.

மேலே மைக் இல்லை, கீபோர்டு இல்லை. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் நான் வெறும் குரலில் பாட, டிரம்ஸ்காரர் தாளம் போட, நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. லிப்ட்டுக்குள் நடந்ததை அப்பா ஒரு மாதிரியும் அந்த அம்மா ஒரு மாதிரியும் பின்னால் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"பயப்படாதீங்கம்மா. இது மாதிரி எத்தனையோ பாத்தவன் நான்" என்றாராம் அப்பா.

"எனக்கென்ன பயம். என் பையனுக்குத்தான் பயம் விட்டுப்போச்சு. இங்க ஒரு ஆட்டக்காரி அவனை மயக்கி வெச்சிருக்காளாம்."

"இங்க ஆட்டமெல்லாம் கிடையாதும்மா. பாட்டு மட்டுந்தான்."

"அப்ப பாட்டுக்காரி. கல்யாண கவுனைப் போட்டுக்கிட்டுப் பாடறாளாம். மாப்பிள்ளை கிடைக்கறதுக்கு முன்னாடியே கவுனைத் தெச்சு வெச்சவ."

அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டாராம்: "உங்க பையன் யாரும்மா?"

"டிரம்ஸ் அடிக்கிறவன்."

அப்பா கம்பிக் கதவில் சாய்ந்துகொண்டாராம். பிறகு, "ஒரு வருஷமா என்கிட்ட தக்காளியைப் பத்தியே பேசினான்" என்றார்.

"உங்ககிட்ட எதுக்கு?"

"இப்பதாம்மா எனக்கும் புரியுது."

அப்போது மேலேயிருந்து என் குரல் அந்தக் கூண்டுக்குள் இறங்கி வந்திருக்கிறது. முத்தத்தைப் பற்றிய பாட்டு. அந்த அம்மா காது கொடுத்துக் கேட்டார். "குரல் நல்லாத்தான் இருக்கு. என்ன பாட்டு இது?"

"கர்த்தர் பாட்டும்மா" என்றார் அப்பா.

"அந்தப் பொண்ணுக்கு அப்பன் கிடையாதா? கண்டிக்க ஆளில்லையா?"

"இருக்கான்."

"எப்படிப்பட்டவன்?"

"கொஞ்சம் முசுடு. மத்தபடி நேர்மையான ஆளு."

"குடிப்பானா?"

"கிறிஸ்மஸுக்கு மட்டும்."

பஸ்ஸில் வந்த களைப்பு அந்த அம்மாவுக்கு. அப்பா டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தார். ஸ்டூலையும் கொடுத்தார். அந்த அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார். "யாரு செஞ்சது?"

"அந்தப் பொண்ணோட அம்மா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

வாயில் வைத்த கை அப்படியே நின்றது. மேலே பாட்டு முடிந்து கை தட்டினார்கள். அந்த அம்மா அப்பாவின் காக்கிச் சட்டையையும் பூட்ஸையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சத்தையும் மென்று விழுங்கினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

கரண்ட் வந்தது. லிப்ட் மேலே வந்து நின்றது. நாங்கள் இருவரும் கதவுக்கு எதிரே நின்றிருந்தோம். தாகம் எடுத்த நேரம் அது. அம்மாவைப் பார்த்ததும் டிரம்ஸ்காரர் குச்சிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அந்த அம்மா என்னை மேலிருந்து கீழாக, கவுனின் வால் முடிகிற இடம் வரைக்கும் பார்த்தார். வணக்கம் சொன்னேன்.

"இவதானா?" என்று மகனைக் கேட்டார். அவர் தலையசைத்தார்.

அந்த அம்மா திரும்பி அப்பாவிடம், "வாங்க, பேசணும்" என்றார். மறுபடியும் லிப்ட்டுக்குள்ளேயே போனார்கள். அப்பா எங்களைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார், மூன்று தட்டுத் தட்டினார், இறங்கிப் போனார்கள். அதற்கப்புறம் லிப்ட் கீழேயே நின்றுவிட்டது. சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். கீழே இரண்டு வயசானவர்கள் லிப்ட்டைப் பூட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று ஒருவர் முதலாளியிடம் புகார் சொன்னார்.

எங்கள் கல்யாணம் அந்த லிப்ட்டில்தான் பேசி முடிந்தது. சர்ச்சில் ஆசீர்வாதம், பூதிகோட்டையில் விருந்து. மருமகள் பாடலாம், ஆனால் ஊர்த் திருவிழாவிலும் பாட வேண்டும். இவையெல்லாம் அந்த அம்மா சொன்னவை. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: போர் போடும்போது தன்னையும் கூப்பிட வேண்டும்.

அந்த அம்மா வந்த மாதிரியே பஸ்ஸில் திரும்பிவிட்டார். ரயிலில் அப்பா அன்று நடுவில் உட்காரவில்லை. ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பங்காருபேட்டை நெருங்கும்போது டிரம்ஸ்காரரிடம், "பூச்சி போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"போச்சு மாமா."

"இனிமே அதை அவகிட்டயே சொல்லு" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூதிகோட்டையில் போர் போட்டார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, காலையிலேயே அங்கே போய்விட்டார். டிரம்ஸ்காரரும் நிலத்தில் இருந்தார். நான் தனியாகப் போய்ப் பாடிவிட்டு, தனியாக ரயிலேறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றேன்.

"ஒண்டியாவா போறே?" என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

"ஆமாக்கா" என்றேன். அதைச் சொல்வதற்கே சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரியாமல் பாட ஆரம்பித்திருந்தேன். வேலைக்காகப் பாடுகிற பாட்டு எதுவும் அல்ல, வாய்க்கு வந்த ஒரு தமிழ்ப் பாட்டு. வெட்கம் வந்து பாதியில் நிறுத்தினேன். எதிர் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னாத்துக்கு நிறுத்திட்டே? பாடும்மா" என்றார். நான் இறங்க வேண்டிய உரிகம் ஸ்டேஷன் வரைக்கும் பாடிக்கொண்டு வந்தேன்.