அக்கா நகர்த்திய பேனாப் புள்ளி

என் கல்யாணப் படத்தில் எனக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அது என் அக்காவின் இடம். படம் எடுக்கிறவர் "எல்லாரும் கிட்ட வாங்க" என்று கூப்பிட்டபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். தட்டுகளில் வளர்கிற நரம்பணுக்களுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டுமாம். தம்பி கல்யாணத்தைவிடத் தட்டு பெரிதா? இந்தக் கோபம் பல வருஷம் எனக்குள் புகைந்தது. அக்கா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் அதுதான் முதலில் வருகிறது.

தண்ணீர் என்றால் சத்து கலந்த நீர். அதை முழுசாகக் கொட்டக் கூடாது. பாதியை உறிஞ்சிவிட்டுப் பாதி புதிதாக விட வேண்டும். அணுக்கள் தாங்களே கசியவிட்டது பழைய நீரில் இருக்கிறது, அதையும் எடுத்தால் வாடிவிடும் என்பாள். வீட்டில் டீயைக்கூடப் பாதி குடித்துவிட்டு மேலே ஊற்றச் சொல்வாள்.

"அண்ணி, உங்களுக்குக் கோபமும் பாதிதான் வருமா?" என்று என் மனைவி வாருவாள்.

"மீதியை உன் வீட்டுக்காரன் எடுத்துக்கிட்டானே!"

நான் மோட்டார் வைண்டிங் பார்க்கிறவன். முடி மாதிரிச் செம்புக் கம்பியை விரல் நுனியால் தடவித் தடவித்தான் சுற்றுவேன். ஒருநாள் தகடு சறுக்கி மணிக்கட்டை அறுத்துவிட்டது. நரம்பைத் தைத்தார்கள். ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. உணர்ச்சி திரும்பாவிட்டால் தொழில் அவ்வளவுதான்.

"தைச்சாச்சுல்ல, அப்புறம் ஏன் கரண்ட் வரல?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"அது ஒயர் இல்லடா. தைச்சது மேலுறையைத்தான். வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இழை செத்துப்போச்சு. இந்தப் பக்கத்து நுனி புதுசா வளர்ந்து போகணும்."

"அது வளரச் சரக்கு எங்கேயிருந்து வரும்?"

"கழுத்துக்கிட்ட, முதுகெலும்பு ஓரத்துல அணுவோட உடம்பு இருக்கு. அங்கேயிருந்து வரணும். வா, காட்டறேன்."

ஆய்வுக்கூடத்து இருட்டறையில், நுண்ணோக்கியோடு இணைத்த ஒரு திரை. அதில், தட்டில் வளர்கிற ஒரு நரம்பணுவின் இழை. அதன் நுனி, விரித்த கை போல முன்னால் துழாவிக்கொண்டிருந்தது. இழைக்குள் தண்டவாளம் போட்ட மாதிரி, ஒளிப்புள்ளிகள் நுனியைப் பார்த்து ஓடின. ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பை. இழைக்கும் பைக்கும் தோல் ஒரே மாதிரி மெல்லிய படலம்தான். சோப்புக் குமிழோடு குமிழ் சேர்கிற மாதிரி, பை நுனியில் போய்க் கலக்கிறது. பையின் தோல் இழையின் தோலாகி, இழை நீள்கிறது. மிஞ்சினதை நுனி உள்ளே இழுத்து மறுபடி பையாக்கிக்கொள்ளும்.

"பையை மட்டும் மருந்து போட்டு நிறுத்திப் பார்த்தேன். தண்டவாளம் அப்படியே இருக்கு, நுனி நின்னுபோச்சு" என்றாள். அந்தப் பைகளை இமைக்காமல் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மகராசி.

வாரா வாரம் வந்து என் கையைத் தட்டுவாள். எந்த இடத்தில் சுரீரென்று விரலுக்கு ஓடுகிறதோ, அதுவரை நுனி வந்திருக்கிறது. அங்கே பேனாவால் ஒரு புள்ளி. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு வந்த புள்ளி, அங்கேயே நின்றுவிட்டது.

"போதும்கா, கடையை மூடிடறேன்."

"உன் பொறுமையில பாதிதாண்டா எடுத்திருக்கேன். மீதியை வெச்சுக்கோ."

புள்ளி மறுபடி நகர்ந்து விரலில் ஏறியபோது அக்காவுக்கு நெஞ்சு படுத்தியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "கையைக் குடு. கண்ணை மூடு" என்றாள்.

ஏதோ உரசியது.

"ஆள்காட்டி விரல்" என்றேன்.

"என்ன படுது?"

"போர்வை ஓரம். தையல்கூடத் தெரியுதுக்கா!"

"வந்து சேர்ந்துடுச்சுடா!" அவள் சிரித்த சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்தேன்.

"உட்காராதே. இன்னிக்குத் தண்ணி மாத்தற நாள். நான் இல்லைன்னா லேப்புல அவசரத்துல முழுசாக் கொட்டிடுவாங்க. நீ போய்ப் பக்கத்துல நின்னு, பாதி போதும்னு சொல்லு."