பூ வைக்காத அம்மாவின் வாசம்

எழுபதுகளில் எங்கள் ஊர் சிம்பாங் பூலாய் கோயிலில் தேவாரம் பாடிய அம்மா சிலோன்காரர், விதவை. வெள்ளைச் சேலைதான், தலையில் ஒரு பூ இருக்காது. பாடும்போது முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வார். அப்போது நம் ஊரில் இல்லாத ஏதோ பூவின் வாசம் மெல்ல வரும், மறையும், மறுபடி வரும். சாமி வாசம் என்றே எல்லாரும் சொன்னோம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அந்த வாசம் வந்த பிறகுதான் நான் வேண்டுதலையே சொல்வேன்.

அவர் தேறியபின் பக்கத்து டவுன் ஈப்போவில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடைப்பெண் என் மணிக்கட்டில் செண்டு அடித்தாள். அதே வாசம்!

"வயலட் பூ, அக்கா. வாசம் போன மாதிரி இருக்கும், திரும்ப வரும். விலைய மட்டும் கேக்காதீங்க லா."

நெஞ்சு எரிந்தது. நேரே கோயிலுக்குப் போனேன்.

"சாமி வாசம்னு எங்கள ஏமாத்திட்டீங்களேம்மா!"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் சொன்னனானோ பிள்ளை? நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்குப் பூ வைக்கத்தானே கூடாது."

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். சவுக்காரம் போட்டு மணிக்கட்டைத் தேய்த்துக் கழுவினேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்த வாசம் மறுபடி வந்தது. கோபம் ஆறவே இல்லை. கை மட்டும் தானாகக் கும்பிட்டுவிட்டது.