நாற்பத்தெட்டுச் சாவிகளும் ஓர் ஐரோப்பிய விதியும்

நடந்ததைச் சொல்லும் முன், அது தொடங்கிய நாளில் நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன். அரசு நிதி என் பாடம். அதிலும் ஐரோப்பிய நாடுகளின் வரவுசெலவுத் திட்டங்கள் என் தனி ஈடுபாடு. நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. அதை ஒரு குறையாக என் முகத்துக்கு நேரே எவரும் சொன்னதுமில்லை. தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே, நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு நானே முதல் தலைவர். அதன் விதிகளை எழுதியவனும் நானே. பதவியிலிருந்து விலகிய பிறகும், பொதுக்குழுவில் நான் எழுந்தால் மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பார்கள். என் குரல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதற்காக.

அந்த விதிகளில் இரண்டைப் பற்றி எனக்குக் கூடுதல் பெருமை உண்டு. முதலாவது ஏழாம் விதி: ஓராண்டின் செலவு அந்த ஆண்டின் வரவை எக்காரணம் கொண்டும் மீறக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் தமது பற்றாக்குறைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டதைப் பாடம் நடத்திய உற்சாகத்தில் எழுதியது. அவர்கள் சிறிதளவு பற்றாக்குறையை அனுமதித்தார்கள். நான் அதையும் அனுமதிக்கவில்லை. ஒருமுறை லிஃப்ட் பழுதாகி, புதிய மோட்டாருக்கு அந்த ஆண்டில் இடமில்லை என்று ஆனபோது, மூன்றாம் மாடிக்கு இரண்டு மாதங்கள் படியேறினேன். விதியை எழுதியவன் மூச்சு வாங்குவதைப் பிறர் பார்க்கக் கூடாதென்று, ஒவ்வொரு தளத்திலும் ஜன்னலருகே நின்று ஜி.எஸ்.டி. சாலையின் போக்குவரத்தை ஆராய்வது போல இருந்துகொண்டேன்.

இரண்டாவது, சாவி வாக்கு. கைதூக்கி வாக்களித்த காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கைதூக்க, நாற்பத்தெட்டு வீடுகளிலிருந்து எழுபது வாக்குகள் விழுந்தன. ஆகவே வீட்டுக்கு ஒரு சாவி என்று விதித்தேன். மேசையில் இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்கள். ஆதரவு வலப்பக்கம், எதிர்ப்பு இடப்பக்கம். கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு இறங்கி வருகிறவர் அந்தச் சாவியையே தட்டில் இட வேண்டும். பத்து ஆண்டுகளில் ஒரு வாக்குகூடக் கூடுதலாக விழுந்ததில்லை.

இந்த நிலையில்தான், எங்கள் வீட்டிலும் வேறு ஐந்து வீடுகளிலும் வேலை செய்யும் பெண், ஒரு காலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். பெரும்பாக்கத்தின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர்.

“சார், இந்த மாசத்தோட நா நின்னுக்கிறேன். வேற ஆள பாத்துக்கோங்க.”

“ஏம்மா, சம்பளம் போதலையா?”

“சம்பளம் கெடக்கட்டும் சார். மாமியா கால ஒடச்சிகினு படுத்துகீது. ரெண்டு வயசுக் கொயந்தய யாராண்ட வுட்டுட்டு வர்றது? இங்க இட்டாந்தா, முதல் மாடி அக்கா, செவுத்துல கை வெக்குதுன்னு ஒரே பேஜார் பண்ணுது. ஆறு வூட்டையும் வுட்டுட்டா அடுத்த மாசம் அடுப்பு எரியாது. இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

அவரே சொன்னார்.

“கீழ ஹாலு பக்கத்துல ஒரு ரூம் சும்மாத்தான கீது. ஒடஞ்ச சேருங்க ஒக்காந்துகினு கீது. சேருக்கு எடம் கீது, கொயந்தைக்கு இல்ல. என்னாண்ட மட்டும் இல்ல சார், இந்த பில்டிங்குக்கு வர்ற நாலு பொம்பளைங்களாண்ட கைக்கொயந்த கீது.”

“அந்த அறையைச் சரிபண்ணி ஆள் போடணும்னா, இந்த வருஷம் விதி இடம் கொடுக்காதும்மா.”

“யார் சார் எய்தினது அந்த விதி?”

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “சொல்லுங்க, யார் எழுதினது?”

அன்று பிற்பகல், சில ஆண்டுகளாக நான் எட்டிப் பார்க்காமல் இருந்த ஐரோப்பாவைக் கணினியில் மீண்டும் திறந்தேன். திறந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் யாரைப் பார்த்து விதி எழுதினேனோ, அவர்களே அந்த விதியைத் திருத்தியிருந்தார்கள். சீர்திருத்தமும் முதலீடும் செய்ய உறுதி கூறும் நாடு, நான்கு ஆண்டுகளில் நேர்செய்ய வேண்டியதை ஏழு ஆண்டுகள் வரை நீட்டித்துக்கொள்ளலாமாம். குழந்தைப் பராமரிப்புக்கு ஆகும் பணத்தை அன்றாடச் செலவு என்பதா, நாளைய வருவாய்க்கான முதலீடு என்பதா என்று அங்கே பெரிய விவாதமே நடந்துகொண்டிருந்தது. பின்தங்கிய வட்டாரம் ஒரு பங்கு போட்டால் பொது நிதி மறு பங்கு போடும் ஏற்பாடும் இருந்தது. இவை அனைத்தும் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கின்றன! இரண்டு மாதங்கள் படியேறிய கால்கள் மேசைக்கடியில் தாமாகவே தாளம் போட்டன. மனைவி வந்து, “உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாம் விதிக்கு ஒரு திருத்தம் எழுதினேன். குழந்தைகள் அறை முதலீடாகக் கருதப்படும்; பணியாளர் வைத்திருக்கும் வீடுகள் ஒரு பங்கும் சங்கம் மறு பங்கும் ஏற்கும்; ஐரோப்பியர் ஆண்டாகச் சொன்னதை மாதமாகச் சுருக்கி, ஏழு மாதங்களில் நேர்செய்துகொள்ளப்படும். விதித் திருத்தத்துக்கு மூன்றில் இரு பங்கு வேண்டும். அதாவது முப்பத்திரண்டு சாவிகள். அதுவும் நான் எழுதியதே.

மாதத்தின் கடைசி நாளான ஞாயிறு, காலை பத்து மணி. கீழ்த்தளக் கூடத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் போண்டா உண்டு என்பது அனைவருக்கும் தெரியும். பாத்திரம் கழுவ அந்தப் பெண்ணும் வந்திருந்தார், இடுப்பில் குழந்தையோடு. அன்று திருத்தம் தோற்றால் மறுநாள் அவர் வரமாட்டார்.

நான் எழுந்தேன். மின்விசிறியைக் குறைத்தார்கள். நான் பேசி முடித்ததும், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் செயலாளர் பழைய கூட்டக் குறிப்பேட்டை விரித்தார்.

“புரொபசர் சார், ஒரு லைன் படிக்கிறேன். ‘இந்த விதிக்கு விலக்குக் கேட்பவர் இந்த விதியைப் புரிந்துகொள்ளாதவர்.’ இது யார் சொன்னது?”

“நான் சொன்னது. அழகான வாக்கியம்.”

“அப்போ?”

“தவறான வாக்கியம்.”

கூடம் சிரிப்பில் வெடித்தது. பொது இடத்தில் நான் என்னையே திருத்திக்கொண்டது வாழ்நாளில் அதுவே முதல் முறை. அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, லிஃப்ட் திடீரென்று வேலை செய்ததுபோல உள்ளே ஏதோ ஜிவ்வென்று மேலே போயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினேன், மறுபடியும் வந்தது.

இரண்டாம் மாடியில் வசிக்கும், கேளம்பாக்கத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் எழுந்தார். “சார், விசாவே இல்லாம ஐரோப்பாவ தாம்பரம் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டீங்க. எங்க வீட்டுச் சாவி உங்களுக்குத்தான்.”

“பாய், கடன்ல சரக்கு எடுக்கிற பழக்கம் உங்களுக்கு. சங்கம் கடை இல்ல,” என்றார் செயலாளர்.

“கடையா இருந்தா இந்நேரம் லாபம் பார்த்திருப்பேன் சார்.”

வாக்கெடுப்பு தொடங்கியது. சாவிகள் கலகலவென்று தட்டுகளில் விழுந்தன. எதிர்ப்புக்கான இடப்பக்கத் தட்டு சற்றே கூடுதலாக நிறைந்திருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். எண்ணுவதற்காகச் செயலாளர் மேசைமேல் குனிந்து கையை ஊன்றினார். அது மடக்கு மேசை. கால் மடங்கியது. இரண்டு தாம்பாளங்களும் கோயில் மணிபோல் அதிர்ந்து கவிழ்ந்தன. நாற்பத்தெட்டுச் சாவிகளும் தரையில் ஒரே குவியலாயின.

பொறுக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். கட்டியவர் எல்லா வீட்டுக்கும் ஒரே தயாரிப்புப் பூட்டைத்தான் போட்டிருந்தார். போதாததற்கு, சென்ற பொங்கலுக்குச் சங்கம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பித்தளைச் சாவி வளையம் பரிசளித்திருந்தது. வீட்டு எண் பொறிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, ஏழாம் விதி இடம் கொடுக்காது என்று சொல்லப்பட்டது. சொன்னது நான்.

கைக்கு அகப்பட்ட சாவிகளைச் சிலர் அள்ளிக்கொள்ள, நாற்பத்தெட்டு வீட்டாரும் படிகளில் பாய்ந்தார்கள். அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் கட்டடம் கண்டதில்லை. “இது எங்களுது இல்ல!” “தொறந்துடுச்சு, தொறந்துடுச்சு! ஐயோ, இது யார் வீடு?” “உங்க வீடுதான் அத்தை, நான்தான் தொறந்தேன்!” என்று ஒவ்வொரு தளத்திலும் கூச்சல். நானும் ஏழு சாவிகளோடு ஏறினேன். ஜன்னலருகே நிற்கவில்லை, மூச்சு வாங்கியதை ஊரே கேட்டது. முதல் மாடி அம்மாளின் கதவு என் ஐந்தாவது சாவிக்குத் திறந்தபோது, அவரும் நானும் பரீட்சையில் தேறியவர்கள்போல் கைதட்டிக்கொண்டோம். பத்தாண்டுகளில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை.

படிகளில் இவ்வளவு நெரிசல் இருக்கும்போது பிள்ளைகளை என்ன செய்வது? அதை எவரும் யோசிக்கவில்லை. அந்தப் பெண் யோசித்திருந்தார். அத்தனை பேரையும் பக்கத்து அறைக்குள் ஓட்டிச் சென்று, உடைந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயிலாக்கிவிட்டார். நான் வியர்த்து இறங்கி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்ட! எறங்குறவங்க எறங்கு! டேய், ஓட்ற வண்டில ஏறாத!”

கடைசிப் பெட்டியில் செயலாளரின் பேரன், கூட்டம் முடியும் முன்பே கிடைத்த போண்டாவில் பாதி வாயில் இருக்க, தூங்கிப்போயிருந்தான். அந்தப் பெண்ணின் மகள் அவன் மேல் சாய்ந்து தானும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணியளவில் எல்லாச் சாவிகளும் உரியவரிடம் சேர்ந்தன. மறுபடி வாக்கெடுக்க வேண்டும். ஆனால் சாவியைத் தட்டில் இட ஒருவரும் தயாராக இல்லை. எல்லாரும் அதை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். அனைவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சாவியால் வாக்களிக்க வேண்டும் என்பதே விதி,” என்றேன். “தட்டு விதியில் இல்லை. ஆதரிப்பவர்கள் சாவியோடு அந்த அறைக்குள் செல்லலாம். எதிர்ப்பவர்கள் கூடத்திலேயே இருக்கலாம்.”

முன்மொழிந்தவன் என்ற முறையில் முதலில் நுழைந்து, மூன்று கால் நாற்காலி ஒன்றில் கவனமாக அமர்ந்தேன். பாய் வாசலில் நின்று எண்ணினார். மேலும் கீழும் ஓடி ஒரு மணி நேரம் பிள்ளைகளை மறந்திருந்த தாய்மார்களும் தந்தைமார்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். முதல் மாடி அம்மாளும் வந்தார். வந்தவர் சுவரில் சாய்ந்தே நின்றார். இருபது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. அத்தோடு நின்றுவிட்டது.

அந்தப் பெண் தன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போது செயலாளர் பேரனைத் தூக்கிச் செல்ல உள்ளே வந்தார்; கையில் சாவி.

“முப்பத்திரண்டு!” என்றார் பாய்.

“யோவ், நான் கொழந்தைய எடுக்க வந்தேன்யா!”

“டிக்கெட் இல்லாம ரயில்ல ஏறினா ஃபைன் சார்.”

செயலாளர் பேரனைப் பார்த்தார். அவன் சட்டையில் சிந்தியிருந்த போண்டா துடைக்கப்பட்டு, தலைக்கடியில் ஒரு மடித்த துண்டு வைக்கப்பட்டிருந்தது. அது யாருடைய துண்டு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சரி, எழுதிக்கோங்க,” என்றார்.

என் நாற்காலி அந்தக் கணத்தில்தான் சாய்ந்தது. பக்கத்திலிருந்த ஆறு பேர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதற்கென்று கேட்டால் விதிப்படி விடை சொல்ல முடியாது.

“இன்னா சார்,” என்று அந்தப் பெண் என் தோளருகே சொன்னார், “நாளைக்கு நானு வர்ணுமா, வேணாமா?”

“வரணும். குழந்தையோடு.”

அறை இப்போது நடக்கிறது. ஐந்து குழந்தைகள் வருகிறார்கள். சில பிற்பகல்களில் செயலாளரின் பேரனும் வருகிறான். நேர்செய்ய ஏழு மாதங்கள் கேட்டோம். ஆறு மாதங்களில் நேராயிற்று.

கடைசியாக ஒன்று. வாக்கு எனக்கு எதிராகப் போவதைக் கண்டு மேசையின் காலை நானே தட்டிவிட்டேன் என்று குடியிருப்பில் சிலர் சொல்லிவருகிறார்கள். அது தவறு. மேசை மடங்கியது செயலாளர் கையை ஊன்றியதால். நான் அப்போது மேசையிலிருந்து பத்தடி தள்ளி, ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன்.