அப்பா இறக்கிய காற்று

வால்வின் ஊசியை நகத்தால் அழுத்தினால் டயரிலிருந்து சீறிக்கொண்டு வரும் காற்று எப்போதும் குளிர்ந்திருக்கும். பழைய ரப்பரும் மண்ணும் கலந்த ஒரு வாசம் அதில் இருக்கும். இன்றைக்கு எந்தப் பெட்ரோல் செட்டில் அந்த வாசம் வந்தாலும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான்.

அப்புத்தளைக்குக் கீழே, பெரகல சந்தியிலிருந்து பிரிந்து ஏறும் பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது; தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. யாரோ ஓட்டிக் களைத்த பிறகு அவர் கைக்கு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். எஞ்சினை விட அதன் டயர்களைத்தான் அதிகம் கொஞ்சுவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வண்டியை உதைக்கும் முன்பே காற்றை அளந்து பார்த்து, குறைந்திருந்தால் கால் பம்பால் ஏற்றுவார். "ஓடி வந்த டயர்ல காத்துப் பாக்கக் கூடாது, சூட்டுல கூடக் காட்டும்" என்பார். காற்றுக் குறைந்தால் ஓரம் தேயும், கூடினால் நடு தேயும் என்று லயத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் தீர்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு வருடம் தன் கையாலேயே டயரில் காற்றை இறக்கத் தொடங்கினார்.

அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தாள். எனக்குப் பின் உண்டான இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதாவது தங்க வேண்டுமென்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பாவோ, "குலுங்கக் கூடாது" என்று கிளினிக் டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துப் பாதை முழுக்கக் கல்லும் குழியும். ஆட்டோ இன்னும் மோசமாகத் தூக்கிப் போடும், மோட்டார் சைக்கிள் டயர் மெத்தென்று இருந்தால் குலுக்கல் குறையும் என்பது அவர் முடிவு. கிளினிக் நாளில் அம்மாவை ஏற்றும் முன் குந்தி உட்கார்ந்து இரண்டு டயரிலும் காற்றை விடுவார், கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் விடுவார். பின் சீட்டில் ஒரு தலையணையைக் கட்டுவார். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கும். சந்தியில் டயர் கடையில் காற்றை நிரப்பிக்கொண்டு தார் ரோட்டில் அப்புத்தளைக்கு ஏறுவார். திரும்பி வரும்போது அதே சந்தியில் மறுபடியும் இறக்குவார். "காத்த ஏத்தி எறக்கியே இவருக்கு வயசு போயிரும்" என்று லயமே சிரித்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் டேங்க் மேல் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். டயர் கடைக்காரருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"என்னாங்கண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஓரம் பூரா தேஞ்சுபோச்சு. இந்த டயர் மழைக்குத் தாங்காதுங்க."

அப்பா திரும்பி அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "டயர் போனா வேற டயர் போட்டுக்கலாம் தம்பி. நீ காத்தடி" என்றார்.

அவர் குரலைக் கேட்டு எனக்கும் பயம் வந்துவிட்டது. அப்பாக்களும் பயப்படுவார்கள் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

கடைக்காரர் சொன்னபடியே டயர் மழைக்குத் தாங்கவில்லை. ஓரத்தில் நூல் தெரிந்து, ஒரு மாலையில் கிழிந்தே போனது. ஆனால் தங்கச்சி தங்கினாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வண்டி பின் சக்கரமில்லாமல் கல் மேல் நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பாதைக்கு வழுவழுவென்று காப்பட் தார் போட்டுவிட்டார்கள். கற்கள் இல்லை, வண்டி இல்லை, அப்பாவும் இல்லை. தங்கச்சி பதுளையில் வேலை செய்கிறாள். போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, "நான் வயித்துக்குள்ள மெதந்துக்கிட்டே போனவ, தெரியுமா?" என்று அவள் பிள்ளைகளிடம் பெருமையடித்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மெதந்தியா? காத்த எறக்குனாலும் அதே குலுக்கல்தான்டி. இடுப்பு கழண்டு போகும். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"அப்பாகிட்ட சொல்லலையாம்மா?" என்றேன்.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு கல்லுக்கும் 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேட்டுக்கிட்டே ஓட்டுனாரு. மெத்தையில உக்காந்தாப்புல இருக்குங்கன்னு சொன்னேன். அதக் கேட்டப்புறந்தான் மனுசன் மூச்சே விடுவாரு."